நாற்பத்தொன்றுக்கு ஒரு வாய்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் சாப்பாட்டக்கா என்று பேர். சமையல்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சமையல் சுமார்தான், அவளே ஒத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் சாப்பாடு போட்டது செல்களுக்கு. நோயாளிகளின் தோலிலோ தசையிலோ கடுகளவு எடுத்து, உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்ப்பார்கள். உடம்பை விட்டு வந்துவிட்ட செல்லுக்கு யாராவது போட்டால்தான் உண்டு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, இளஞ்சிவப்பான சத்துநீரைப் பக்குவமாக ஊற்ற வேண்டும். அந்தச் சிவப்பு மங்கி மஞ்சளாகிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் போட்டதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மஞ்சள் தட்டை அவள் கண்ணில் காட்டிவிடக் கூடாது. "யாரு இதுங்களைக் காயப்போட்டுட்டுப் போனது?" என்று கூடமே அதிரக் கேட்பாள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அந்தக் குரலைக் கேட்டதும் கம்மென்று தலையைக் குனிந்துகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே காலை நீட்டிப் படுத்திருக்கும்போது இவள் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

"லீவு நாள்ல கூடவா அக்கா?" என்பார் வாசல் காவலாளி.

"ஏன், லீவு நாள்ல உங்களுக்குப் பசிக்காதா?"

தன் கையில் ஒரு தட்டுகூடப் பசியால் செத்ததில்லை என்பதில் அவளுக்கு ஒரு கர்வம். இருந்துவிட்டுப் போகட்டுமே. கர்வப்பட அவளுக்கு வேறு என்ன இருந்தது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூடத்தின் ஆராய்ச்சியே பட்டினியைப் பற்றியதுதான். தலைமை விஞ்ஞானியை எல்லாரும் மேடம் என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான மனுஷி, கழுத்தில் எப்போதும் ரெண்டு மூக்குக்கண்ணாடி தொங்கும், இருந்தும் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். வேளாவேளைக்குச் சாப்பாடு வரும் செல் சோம்பேறியாக இருக்கும் என்பார் அவர். தேய்ந்துபோன உறுப்பு, முறுக்கிக்கொண்ட புரதம், உடைந்த துண்டு துணுக்கு எல்லாம் மூலைக்கு மூலை கிடக்கும். வெளியிலிருந்து வருவது நின்றதோ, அப்போதுதான் அது தன் வீட்டையே சுற்றிப் பார்க்கும். மெல்லிய சவ்வு ஒன்றை விரித்து, பழசையெல்லாம் அதில் சுருட்டி, பையாகக் கட்டி, அமிலம் நிறைந்த இன்னொரு பையில் கொண்டுபோய்க் கொட்டும். அங்கே எல்லாம் கரைந்து, அதிலிருந்தே புதுசு செய்துகொள்ளும். இந்த ஒரு வேலையைப் பார்ப்பதிலேயே மேடத்துக்குத் தலை நரைத்துவிட்டது.

ஆக, யாராவது செல்லைப் பட்டினி போட்டாக வேண்டும். சாப்பாட்டக்கா முதல் வருஷமே சொல்லிவிட்டாள். "மத்த எது வேணா சொல்லுங்க மேடம், செய்யுறேன். பட்டினி போடுறதுக்கு மட்டும் எனக்குக் கை வராது." அவள் பிறந்த வீட்டில் ஆறு பிள்ளைகள், அவள் கடைசி. பாத்திரம் அவளிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் கரண்டிச் சத்தம்தான் மிஞ்சியிருக்கும். அந்தச் சத்தம் இந்த வயசிலும் அவளுக்கு மறக்கவில்லை.

அதனால் அந்த வேலையை ஒரு ஆராய்ச்சி மாணவி பார்த்தாள். காலை ஒன்பது மணிக்குச் சத்துநீரை எடுத்துவிட்டு வெறும் உப்புநீர் ஊற்றி, தட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். ஒரு மணி வரைக்கும் கறுப்பு டேப் தட்டை யாரும் தொடக் கூடாது. சாப்பாட்டக்கா அந்தப் பெண்ணுக்குப் "பட்டினி" என்று பேர் வைத்துவிட்டாள். பேரும் நிலைத்துவிட்டது.

"வந்துட்டியாடி பட்டினி, யார் வயித்துல அடிக்க வந்தியோ?"

"நான் வீட்டைப் பெருக்க வைக்கிறேன்கா. நீங்கதான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க," என்பாள் அவளும் விடாமல்.

இனி சாப்பாட்டக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவருக்குக் கடப்பாரை என்று பேர். பழைய கட்டடம் இடிக்கும் வேலை. ஆனால் இடிக்கிறது என்று அவர் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. "இடிக்கறதை எவன் வேணா இடிப்பான். நான் பிரிக்கிறவன்," என்பார். கதவு நிலையைக் கீறல் விழாமல் கழற்றுவார். செங்கல்லில் ஒட்டிய காரையைத் தட்டித் தட்டி எடுத்து, கல்லைப் புதுசுபோல அடுக்கி வைப்பார். வளைந்த கம்பியை நிமிர்த்துவார், ஆணியைக்கூட. அவர் பிரித்துப்போன மனையில் ரெண்டு சட்டி மண்தான் மிச்சமிருக்கும். மற்றதெல்லாம் வேறு யார் வீட்டுக்கோ சுவராகவும் ஜன்னலாகவும் போய்விடும்.

அவர்கள் குடியிருந்த வீடும் அப்படிச் சேர்ந்ததுதான். ஜன்னல் ஒரு தபால் ஆபீசிலிருந்து வந்தது. படிக்கட்டுக் கைப்பிடி ஏதோ தங்கும் விடுதியுடையது. வாசல்கதவு ஒரு பள்ளிக்கூடத்துக் கதவு, ரெட்டைக்கதவு. சின்ன வீட்டுக்கு அவ்வளவு பெரிய கதவு எதற்கு என்று அவள் சண்டை போடாத வருஷம் இல்லை. "வீடே வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு," என்பாள். "இருக்கட்டும், நீ ஒருநாள் குண்டானா உதவும்," என்பார் அவர். ஒரே மகள் கல்யாணமாகி வெகுதூரத்தில் இருந்தாள். வாரம் ஒரு போன். மற்ற நேரமெல்லாம் இவர்கள் ரெண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

ஐம்பத்து நான்காவது வயசில் அவருக்குக் கையிலிருந்த கடப்பாரை கனக்க ஆரம்பித்தது. "இதை யாரோ மாத்தி வச்சுட்டாங்க, என்னோடது இவ்வளவு எடை இல்ல," என்று கூலியாட்களைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் மாடிப்படி ஏறுவது சிரமமானது. உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றித்தான் எழுந்தார். வயசு என்றார் ஒரு டாக்டர். இடுப்பு என்றார் இன்னொருவர். ரெண்டு வருஷம் இப்படியே அலைந்த பிறகுதான் ஒருவர் தொடையிலிருந்து கொஞ்சம் தசை எடுத்து அனுப்பினார். அது மேடத்தின் மேஜைக்கே வந்தது.

மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மேடம் கதவைச் சாத்தினார். சாப்பாட்டக்காவை உட்கார வைத்துச் சொன்னார். அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தன் வார்த்தையில் அவருக்குச் சொன்னாள்.

"உங்க செல்லு குப்பையெல்லாம் ஒழுங்கா பையில கட்டி எடுத்துக்கிட்டுத்தான் போவுதாம். ஆனா கரைக்கிற பை கரைக்க மாட்டேங்குதாம். கட்டின மூட்டை அப்படியே சேந்து சேந்து தசையை நெரிக்குதாம்."

அவர் தபால் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார். "அடக் கடவுளே. ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் பிரிச்சுக் குடுத்தவன் உடம்புல பிரிக்க ஆளில்லையா?" என்று சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நோய் தசையோடு நிற்காது, மூச்சுக்கும் வரும் என்று மேடம் மறைக்காமல் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு வழியும் இருந்தது. தொலைவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கரைக்கிற பையை மறுபடி வேலை செய்ய வைக்கும் புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கப் போகிறார்கள். எட்டே எட்டுப் பேருக்கு. அதற்கு நிபந்தனை ரெண்டு. நோயாளியின் செல்லில் அந்த மருந்து வேலை செய்கிறது என்று முதலில் தட்டில் காட்ட வேண்டும். அடுத்து, அவர் குழாயில் ஊதிக் காட்டும் மூச்சு நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையக் கூடாது. கடப்பாரை அப்போது ஊதியது நாற்பத்தாறு.

தட்டுகளில் பேர் எழுதக் கூடாது என்பது விதி, நம்பர்தான். அவர் நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றை அவள் வளர்த்த அழகு இருக்கிறதே! மற்ற தட்டுகளுக்கு ஓரவஞ்சனை செய்தாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தட்டுக்கு ஊற்றும்போது மட்டும் சத்துநீர்ப் பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சூடு பார்ப்பாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்பார்.

"இன்னிக்கு நான் எப்படி இருந்தேன்?"

"நல்லா சாப்பிட்டீங்க. ஒரு தட்டு பத்தல, மூணா பிரிச்சு வச்சேன்."

"பாத்தியா! இங்க ஒரு படி ஏற வக்கில்ல, அங்க போய்ப் பெருகிக்கிட்டு இருக்கேன்."

பரிசோதனை ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு முடிவு போய்ச் சேர வேண்டும்.

அந்தச் செவ்வாய் காலை வீட்டில் ஒரு சங்கடம். அவர் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. ரெண்டாவது தடவையும் அப்படியே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை வாங்கப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் என்ன குழந்தையா? வை. பசிக்கல எனக்கு."

பசிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடினாள்.

பத்தேமுக்கால் மணிக்கு வேறு தட்டுக்காக இன்குபேட்டரைத் திறந்தாள். மேல் அடுக்கில் கறுப்பு டேப்போடு ஆறு தட்டுகள். ஆறிலும் நாற்பத்தொன்று, மூன்றில் புது மருந்தும். ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். எப்போதும் கைகாலை நீட்டிப் படுத்துக்கிடக்கிற செல்கள் ஓரம் சுருங்கி ஒடுங்கிக் கிடந்தன.

தெரியாமல் செய்தாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்ற எனக்கும் ஆசைதான். ஆனால் தெரிந்துதான் செய்தாள். கறுப்பு டேப் எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி வரைக்கும் தொடக் கூடாது என்று தெரியும். ஒரு வாய், ஒரே ஒரு வாய் கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று அந்த நிமிஷம் தோன்றியது, அவ்வளவுதான். பிப்பெட் என்ற உறிஞ்சு குழலில் இளஞ்சிவப்பு நீரைக் கொஞ்சம் உறிஞ்சி, ஆறு தட்டிலும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டாள். உப்புநீரில் அது கலந்ததும் நிறம்கூடத் தெரியவில்லை. "சாப்பிடுங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக அவள் மனசு கொஞ்சம் ஆறியது.

புதன்கிழமை மேடம் கூப்பிட்டார். செல்லுக்குள் கிடக்கும் குப்பை பச்சையாக மின்னும்படி ஒரு சாயம் போடுவார்கள். மருந்து கரைத்திருந்தால் பச்சை குறைந்திருக்க வேண்டும். திரையில் ரெண்டு படம்: மருந்து போடாதது, மருந்து போட்டது. ரெண்டும் ஒரே பச்சை.

"மூணு தடவை எண்ணிப் பாத்துட்டோம்கா. இவர் செல்லுல மருந்து எடுபடல. எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

சாப்பாட்டக்காவுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். பாட்டில் கழுவினாள். கழுவிய பாட்டிலையே மறுபடி கழுவினாள். சாயந்திரம் அவர் வழக்கம்போலக் கேட்டார், "நான் எப்படி இருந்தேன்?" "இன்னும் பாக்கல," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான்.

சொல்லாமலே விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மருந்து எடுபடவில்லை, விதி என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவள் வேலையும் பேரும் பிழைத்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை காலை மேடம் வெள்ளைக் கோட்டை மாட்டுவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள்.

"மேடம், நான் சாப்பாடு போட்டுட்டேன்."

மேடம் ஒரு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "எவ்வளவு?"

"ஒரு வாய்தான் மேடம்."

"ஒரு வாய் போதும்கா. வெளியில இருந்து ஏதோ வருதுன்னு தெரிஞ்ச உடனே அது மூட்டை கட்டுறதை நிறுத்திடும். மூட்டையே வராதப்ப மருந்து எதைக் கரைக்கும்?"

திட்டியிருந்தால் தேவலாம். இருபத்திரண்டு வருஷமாக இதே கூடத்தில் இருந்துகொண்டு இப்படிப் பண்ணலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். மேடம் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். தவறு எங்கள் கூடத்துடையது, ஒரு மாதம் தாருங்கள் என்று. பட்டினி என்ற அந்தப் பெண்தான் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கிடைத்தது. சாயம் போட்ட தட்டுகளெல்லாம் முடிந்துபோயின. அவர் செல்லை உறைய வைத்த ஒரே ஒரு குழாய்தான் மிச்சம். அதை உருக்கி, முதலிலிருந்து வளர்த்தாக வேண்டும்.

"இந்தத் தடவை நானே பட்டினி போடுறேன்," என்றாள் சாப்பாட்டக்கா.

"வேணாம்கா, நான் பாத்துக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.

"இல்லடி. கெடுத்தவ நான். நான்தான் போடணும்."

செல் அவசரப்படாது. நீங்கள் தலைகீழாக நின்றாலும் அது பிரிகிற நேரத்தில்தான் பிரியும். மூன்று வாரம் போனது. மூன்றாவது வாரம் ஒரு மழையில் அவருக்குச் சளி பிடித்தது. மற்றவர்களுக்கு நாலு நாளில் போகிற சளிதான். இருமுவதற்கே பலமில்லாத நெஞ்சில் அது போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. சாய்ந்து படுத்தால் மூச்சு வாங்கியது. தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார். அவள் ஆவி பிடிக்க வைத்தாள், முதுகைத் தட்டினாள், நேர்ந்துகொள்ளாத சாமி இல்லை.

நாலாவது வாரம் பரிசோதனை. காலை ஒன்பது மணிக்குச் சத்துநீரை உறிஞ்சி எடுத்தாள். உப்புநீர் ஊற்றினாள், பாதித் தட்டுகளில் மருந்து விட்டாள், கறுப்பு டேப் ஒட்டினாள். பெட்டியைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே அவர் சுருங்கிக்கொண்டிருப்பார் என்று தெரியும். பதினோரு மணிக்கு அவள் வயிறே கத்தியது. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அந்தப் பெண் ரொட்டி கொண்டுவந்து நீட்டினாள். "ஒரு மணிக்கு," என்றாள் சாப்பாட்டக்கா. நாலு மணி நேரம் அந்த ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் திரையில் படம் வந்தது. மருந்து போடாத தட்டில் அதே பச்சை. மருந்து போட்ட தட்டில் பச்சை பாதிக்கு மேல் போயிருந்தது. செல்லுக்குள் இருட்டு இருட்டாகச் சுத்தமான இடங்கள் தெரிந்தன.

"கரைச்சிருக்கு அக்கா! கரைச்சிருக்கு பாருங்க!" மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் குலுக்கினார். அன்றைக்கு அவள் பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நாலு நிறுத்தம் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

ரெண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் ஊதச் சொன்னார்கள். மூச்சு டாக்டர் நல்ல மனுஷர். "அவசரம் இல்ல, நிதானமா," என்றார். கடப்பாரை கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். முப்பத்தேழு. கொஞ்சம் இளைப்பாற விட்டு மறுபடி ஊத வைத்தார். முப்பத்தெட்டு. மூன்றாவது தடவை முப்பத்தாறு. டாக்டர் பேனாவை எடுத்தார். நாற்பதுக்குக் கீழே என்று எழுதினார்.

போன மாதம் நாற்பத்தாறு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே சாத்தியிருந்தால், அந்த வெள்ளிக்கிழமையே அவர் எட்டுப் பேரில் ஒருவர். இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் போட்டுக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரைச் சக்கர நாற்காலியோடு ஜன்னல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். பள்ளிக்கூடக் கதவில் நாற்காலி இடிக்காமல் நுழைந்தது. எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு தட்டு, ஒரு வாய், "இன்னும் பாக்கல" என்று சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

"என்னாலதாங்க போச்சு. என்னை அடிச்சுடுங்க."

"அடிக்க கை தூக்கணுமே," என்றார் அவர்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழ விட்டார். ஜன்னல் வெளிச்சம் தரையில் கொஞ்ச தூரம் நகர்ந்தது. பிறகு மூச்சை வாங்கி வாங்கிக் கேட்டார்.

"நீ பாக்கறப்ப... நான் பசியாவா இருந்தேன்?"

"ஆமாங்க. சுருண்டு கிடந்தீங்க."

"அன்னிக்குக் காலையில உன் கையால வாங்கிச் சாப்பிடல நான். வீம்பு." மூச்சை இழுத்துக்கொண்டார். "அங்க போய் வாங்கிச் சாப்பிட்டேனா?"

தலையை ஆட்டினாள்.

"அப்ப சரி. போய் எதையாவது எடுத்துட்டு வா. இன்னிக்கு நீயே ஊட்டு."

அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கிண்ணம் காலியாக ஒரு மணி நேரம் ஆனது.

அதற்கப்புறம் பதினோரு வாரம் இருந்தார். நாளுக்கு நாள் கிண்ணம் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசி வாரம் போதும் என்று கண்ணாலேயே சொன்னார். அவளும் வற்புறுத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் காலை, மகள் வந்து சேர்ந்த அரைமணி நேரத்தில், மூச்சு நின்றது. அவரோடு வேலை பார்த்த ஆறு பேர் வந்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது, ரெட்டைக்கதவையும் திறந்துவிட்டதால், யாரும் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஆறு பேரும் நேராகவே நடந்தார்கள். அவள் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதினாறாம் நாள் வேலைக்கு வந்தாள். நேராக இன்குபேட்டரிடம் போனாள். நாற்பத்தொன்றில் மூன்று தட்டு இருந்தது. நல்ல இளஞ்சிவப்பு.

"ஒரு நாள்கூட மஞ்சளாக விடலக்கா. ஞாயித்துக்கிழமையும் வந்தேன்," என்றாள் பட்டினி. சாப்பாட்டக்கா அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, வீட்டில் அழாததையெல்லாம் அங்கே நின்று அழுது தீர்த்தாள்.

செல்லுக்கும் ஆயுசு உண்டு. இத்தனை தடவைதான் பிரியும், அப்புறம் நின்றுவிடும். நாற்பத்தொன்று இன்னும் ரெண்டு மாதம் இருந்தது. அதை வைத்துத்தான் எவ்வளவு மருந்து, எத்தனை மணி நேரப் பட்டினி என்று மேடம் கணக்குப் பண்ணினார். கடைசித் தட்டு நின்றபோது சாப்பாட்டக்கா மேடத்திடம் போனாள்.

"இனிமே பட்டினி போடுற வேலையை எனக்குக் குடுங்க மேடம்."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கை வராதுன்னீங்களே."

"வரும்."

இன்குபேட்டருக்குப் பூட்டு வாங்கிப் போட்டது அவள்தான். கறுப்பு டேப் உள்ளே இருக்கும் நாளில் சாவி அவள் கையில் இருக்கும். கூடத்தில் இன்னும் அவளுக்குச் சாப்பாட்டக்கா என்றுதான் பேர்.

சமீபத்தில் ஒரு நாள், பதினோரு மணி இருக்கும், கூடத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஆள் வந்து நின்றார். பஸ் ஓட்டுகிறவர், சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் மனைவிக்கும் அதே நோய். தட்டு நம்பர் ஐம்பத்தேழு. மனைவியை மேல்மாடியில் டாக்டரிடம் விட்டுவிட்டு இறங்கி வந்திருந்தார். யாரோ அவருக்கு இந்த அக்காவைக் காட்டியிருக்கிறார்கள்.

"நீங்கதான் சாப்பாடு போடுறவங்களாமே. இன்னிக்கு அவ சாப்பிட்டாளாங்க?"

"இல்லீங்க. இன்னிக்குப் பட்டினி. ஒரு மணி வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

அந்த ஆள் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பெட்டியின் மேல் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வீட்டுலயும் சரியா சாப்பிடறதில்லங்க. பாவம், ஒரே ஒரு வாய் குடுத்தா என்னங்க?"

சாவி அவள் உள்ளங்கையில் அழுந்தியது. ஸ்டூலை எடுத்து வெளியே போட்டு அவரை உட்காரச் சொன்னாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துத் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நான் குடுத்தேங்க," என்றாள்.

அவர் அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி ஆகிறவரை ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.